இருட்டும் நிசப்தமும் வேண்டும்: ஹாலோவீன் கேள்வி–பதில்

அக்டோபர் 31 ஹாலோவீன். அதையொட்டி வீட்டில் பேய்ப்படம் பார்க்கிறவர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். 'எந்தப் படம் பார்க்கலாம்?' என்று எழுதியவர்கள் குறைவு. 'பார்க்கிற படம் ஏன் பயமுறுத்த மாட்டேன் என்கிறது?' என்பதுதான் பலருடைய குறை. குற்றவாளி பெரும்பாலும் படம் இல்லை, டிவியும் அறையும்தான்.

கே: பேய்ப்படம் போட்டாலே திரை கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது. யார், எங்கே நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை. பிரைட்னஸைக் கூட்டினால் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. டிவியில் கோளாறா?

ப: கோளாறு இல்லை. கூட்ட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கூட்டியிருக்கிறீர்கள். பல டிவிக்களில் பிரைட்னஸ் என்பது திரையின் வெளிச்சம் அல்ல. கறுப்பு எந்த அளவுக்குக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவு. வெளிச்சத்துக்கு பேக்லைட் என்று தனியே ஒன்று இருக்கும். ஓலெட் டிவியில் ஓலெட் லைட், பிக்சல் பிரைட்னஸ் என்று ஏதாவது பெயர். சில நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கி, பேக்லைட்டுக்கு பிரைட்னஸ் என்றும் கறுப்புக்கு பிளாக் லெவல் என்றும் பெயர் சூட்டியிருக்கின்றன. எது எது என்று கண்டுபிடிக்க, இருட்டும் விளக்கும் சேர்ந்து வரும் ஒரு காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு அளவை மாற்றிப் பாருங்கள். விளக்கு அப்படியே இருக்க, இருட்டு மட்டும் வெளுத்தால் அது கறுப்பின் அளவு. இரண்டும் சேர்ந்து கூடினால் பேக்லைட்.

பிறகு இந்த வரிசையில் போங்கள். முதலில் பிக்சர் மோடை 'விவிட்', 'டைனமிக்' ஆகியவற்றிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோடு'க்கு மாற்றுங்கள். அடுத்து, ஈகோ மோடு, ஆம்பியன்ட் லைட் சென்சார் இரண்டையும் அணையுங்கள். அறை இருண்டதும் 'இவ்வளவு வெளிச்சம் எதற்கு' என்று திரையைத் தானாக மங்கவைப்பவை இவைதான். மூன்றாவது, கறுப்பின் அளவு. அகலத்திரைப் படம் ஒன்றைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வரும். அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பட்டை லேசாக வெளுக்கும்வரை அளவைக் கூட்டி, மறுபடி கறுக்கும் இடத்துக்குக் குறைத்து நிறுத்துங்கள். டிவி வரும்போதே இருந்த அளவிலிருந்து இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால், சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்.

அந்த வேறு பக்கம், பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே ஓடும் எச்டிஎம்ஐ இணைப்பு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்று குறிக்கப்படும். கணினியில் 0 முதல் 255. பிளேயர் 16–235 கணக்கில் அனுப்ப, டிவி அதை 0–255 என்று எடுத்துக்கொண்டால் படம் சாம்பல் பூத்துவிடும். பிளேயர் 0–255 அனுப்பி, டிவி 16–235 என்று எடுத்துக்கொண்டால் நிழலில் இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இரண்டிலும் 'லிமிடெட்' (அதுதான் 16–235) என்றோ, இரண்டிலும் 'ஆட்டோ' என்றோ வையுங்கள்.

கடைசியாக, கண். விளக்கை அணைத்தவுடன் அது இருட்டுக்குப் பழகிவிடாது. பத்து நிமிடமாவது ஆகும். நன்றாகப் பழக அரை மணி. படம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே விளக்கை அணைத்துவிடுங்கள். நடுவில் போனைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தால் பழகிய கண் மறுபடி பின்னால் போய்விடும்.

கே: இருட்டுக் காட்சிகளில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நெளிகிறது. 4கே சந்தாதான் வைத்திருக்கிறேன்.

ப: சந்தா 4கே என்றாலும் உங்களுக்கு வந்து சேரும் தரவு குறைவு. ஸ்ட்ரீமிங்கில் 4கே படம் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் சுருட்டி அனுப்பப்படும். 4கே புளூரே தட்டில் இது 128 மெகாபிட் வரை போகலாம். எதையாவது வெட்டித்தான் சுருட்ட முடியும். கண் அவ்வளவாகக் கவனிக்காது என்று மென்பொருள் முதலில் கைவைக்கும் இடம் இருட்டு. பேய்ப்படத்தில் நாம் உற்றுப் பார்ப்பது அங்கேதான்.

செய்யக்கூடியவை: ஆப்பில் டேட்டா சேவர் இருந்தால் அணைத்து, தரத்தை 'ஹை' என்று வையுங்கள். வைஃபையை விட்டு லான் கேபிளில் இணையுங்கள். முதல் ஓரிரு நிமிடம் படம் மங்கலாக ஓடித்தான் தெளியும் என்பதால், தொடங்கி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, திரும்ப முதலுக்கு வாருங்கள். டிவியில் ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அது கட்டங்களின் ஓரத்தைத்தான் கூர்மையாக்குகிறது. 'ஸ்மூத் கிரேடேஷன்' போன்ற பெயரில் ஏதாவது இருந்தால் 'லோ' போதும். மிகவும் பிடித்த ஒரு படத்துக்கு மட்டும் தட்டு வாங்கினாலும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று: பல தளங்களில் மாத முடிவில் படங்கள் மாறும். 31 இரவுக்கு என்று எடுத்துவைத்த படம் அன்றோடு தளத்தை விட்டுப் போகலாம். ஒரு வாரம் முன்பே அந்தப் படத்தின் பக்கத்தில் கடைசித் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: சினிமாவாக எடுத்த படம் வீட்டில் மெகாசீரியல்போல் தெரிகிறதே, ஏன்?

ப: மோஷன் ஸ்மூத்திங். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானே பிரேம்களை உண்டாக்கிச் செருகுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பெயரில் 'மோஷன்' என்று வரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கே: கிசுகிசுப்பு ஒன்றும் கேட்பதில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த நிமிடம் அலறலில் பக்கத்து வீடு விழித்துக்கொள்கிறது. படம் முழுக்க ரிமோட்டும் கையுமாக இருக்க வேண்டியிருக்கிறது.

ப: பேய்ப்படத்தின் உயிரே இந்த ஏற்ற இறக்கம்தான். அதனால் இதை முழுவதும் தட்டையாக்கிவிடாமல் சமாளிக்க வேண்டும்.

திரையரங்க அளவுகோலில் ஒரு ஸ்பீக்கரின் உச்சம் 105 டெசிபல். தாழ்வொலிக்கு மட்டும் 115. வீட்டில் இதைக் கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது. சராசரி 70–75 டெசிபலும் உச்சம் 90க்குள்ளும் இருந்தால் தாராளம். போனில் உள்ள ஒலிமானி ஆப் துல்லியம் இல்லை என்றாலும் இந்த வேலைக்குப் போதும்.

முதலில் அறையை அமைதியாக்குங்கள். மின்விசிறி, ஏசி, ஜன்னல் வழியாக வரும் இரைச்சல் ஆகியவற்றின் மட்டத்துக்கு மேலே வந்தால்தான் கிசுகிசுப்பு காதில் விழும். இரைச்சலைக் குறைத்தால் சத்தத்தைக் கூட்டும் தேவையே பாதி போய்விடும். அறையைக் குளிரவைத்துவிட்டு விசிறியைக் குறைத்து வையுங்கள்.

அடுத்து, ஒலி எப்படி வருகிறது என்று பாருங்கள். படத்தின் 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்வொலிக்கு ஒன்று) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது டிவியின் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் என்றால், பிளேயரில் அல்லது ஆப்பில் 'ஸ்டீரியோ' ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள். 'விர்ச்சுவல் சரவுண்ட்' போன்றவற்றை அணையுங்கள். வசனத்தை அறை முழுக்கப் பரப்பிக் கரைத்துவிடும் வேலையை அவை நன்றாகச் செய்யும். நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் அல்லது ரிசீவர் என்றால், அதை மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். அப்படியும் போதவில்லை என்றால்தான், ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் 'நைட் மோடு'. அதிலும் குறைந்த படி. 'ஆட்டோ வால்யூம்' என்பதைத் தொடவே வேண்டாம். அது நிசப்தத்தையும் பிடித்து மேலே தூக்கிவிடும். நிசப்தம் போனால் அதற்குப் பின்னால் வரும் அதிர்ச்சியும் போச்சு.

பிறகு, படத்தின் முதல் பத்து நிமிடத்தில் மெல்லப் பேசுகிற ஓர் இடத்தைப் பிடித்து, அது தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வையுங்கள்.

பக்கத்து வீட்டை எழுப்புவது பெரும்பாலும் அலறல் இல்லை, தாழ்வொலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர். தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் சுலபமாகக் கடக்கும். மூலையில் வைத்திருந்தால் மூலையே அதைப் பெருக்கும். அங்கிருந்து வெளியே நகர்த்துங்கள். இரவு பத்துக்கு மேல் 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள். அடியில் கனமான ரப்பர் விரிப்பு வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதை அது தடுக்காது.

ஹெட்போன் என்றால் வயருள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று பின்தங்கும். வசனத்தில் பொறுத்துக்கொள்ளலாம், கதவு படாரென்று திறந்து, அதன் சத்தம் பிறகு வந்தால் யார் பயப்படுவார்கள்? டிவியில் உள்ள 'லிப் சிங்க்' பெரும்பாலும் ஒலியை இன்னும் தாமதப்படுத்தத்தான் உதவும். பின்தங்கியதை முன்னால் இழுக்காது.

கே: 'கதவு கிறீச்சிடுகிறது', 'மூச்சிரைக்கும் ஒலி' என்று சப்டைட்டில் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. என்ன செய்வது?

ப: காது கேளாதவர்களுக்காகத் தயாரித்த சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பட்டியலில் அதே மொழி இரண்டு முறை இருந்தால், 'சிசி' அல்லது 'எஸ்டிஎச்' என்று போடாததை எடுங்கள். எழுத்தின் நிறத்தைப் பளீர் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றி, அளவையும் ஒரு படி குறையுங்கள். எல்சிடி டிவியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்து இருட்டைக் கெடுக்கும்.

கே: மெழுகுவத்தி ஏற்றி, ஆரஞ்சு விளக்கு போட்டு, புகை விட்டு, அறையைப் படத்துக்கேற்ற மாதிரி அமைக்க ஆசை. எதெல்லாம் செய்யலாம்?

ப: எல்லாவற்றையும் செய்யுங்கள், படம் தொடங்கும்வரை. தொடங்கியதும் முக்கால்வாசியை அணைத்துவிடுங்கள்.

டிவியை அணைத்துவிட்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். அணைந்த திரை ஒரு கண்ணாடி. அதில் என்னென்ன விளக்கு தெரிகிறதோ, அதெல்லாம் ஒவ்வொரு இருட்டுக் காட்சியிலும் தெரியும். மெழுகுவத்தி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். சுடர் ஆடிக்கொண்டே இருப்பதால் கண் அங்கேயே போகும். திரைச்சீலை பக்கத்தில் தீ வேறு. பூசணிக்குள் வைக்கவும் பேட்டரி விளக்கே நல்லது.

ஒரே ஒரு விளக்கு உண்மையிலேயே உதவும்: டிவியின் பின்பக்கம் ஒட்டிய எல்இடி பட்டை. 6500 கெல்வின் வெள்ளை, திரையின் முழு வெண்மையில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தால் போதும். பட்டை கண்ணில் படாமல், சுவரில் விழும் ஒளி மட்டும் தெரிய வேண்டும். எல்சிடி டிவியின் சாம்பல் கறுப்பு இதனால் கறுப்பாகத் தோன்றும், கண்ணும் களைக்காது. ஆரஞ்சு, ஊதா வைத்தால் திரையின் நிறமே மாறியதுபோல் தெரியும்.

புகை இயந்திரத்தின் புகை ஸ்மோக் அலாரத்தைக் கிளப்பிவிடும். அதற்காக அலாரத்தைக் கழற்றிவைப்பது பேய்ப்படத்தில் வருகிறவர்கள் செய்கிற காரியம். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் புகையே வேண்டாம். டிரை ஐஸ் இன்னும் மோசம். 1 கிலோ உருகாமல் நேராக 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவாகிறது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். மூடிய அறையில், தரையில் பாய் விரித்துக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் அது விளையாட்டில்லை. மைனஸ் 78 டிகிரிக்குக் கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும்.

கே: புரொஜக்டரில் பார்த்தால் இன்னும் பயமாக இருக்குமா?

ப: பெரிதாக இருக்கும். பயம் சுவரைப் பொறுத்தது. புரொஜக்டரால் கறுப்பை வீச முடியாது. அதை அணைத்திருக்கும்போது திரை எவ்வளவு கறுப்போ, அதைவிடக் கறுப்பு கிடைக்கவே கிடைக்காது. வெள்ளைக் கூரையும் பக்கச் சுவர்களும் ஒளியைத் திரைக்கே திருப்பி அனுப்பும். திரையைச் சுற்றி ஒரு மீட்டருக்கு அடர்நிறத் துணி கட்டினால் நல்ல மாற்றம் தெரியும்.

கே: ஒரே இரவில் மூன்று பழைய படங்கள் பார்க்கத் திட்டம்: நாஸ்ஃபெராட்டு, நைட் ஆஃப் தி லிவிங் டெட், ஹாலோவீன். எந்த வரிசை? எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

ப: நல்ல தேர்வு, ஆனால் மூன்றிலும் தவறான பிரதி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நாஸ்ஃபெராட்டு 1922இல் வந்த மௌனப்படம். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியில் நீல நிறம் ஏற்றித்தான் இரவாக்கினார்கள். நிறம் ஏற்றாத கறுப்பு வெள்ளைப் பிரதி இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்பதுதான் கதையின் முடிவு. அந்தப் பிரதியிலோ அது பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்! சீரமைத்த பிரதி சுமார் 94 நிமிடம். 70 நிமிடத்துக்குள் முடிந்தால் வேகமாக ஓட்டியது, அல்லது வெட்டியது.

நைட் ஆஃப் தி லிவிங் டெட் 1968, 96 நிமிடம். வெளியாவதற்கு முன் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்பதால் சேறும் சகதியுமான பிரதிகள்தான் ஏராளம். 2016இல் 4கே தரத்தில் சீரமைத்திருக்கிறார்கள், அதையே தேடுங்கள்.

ஹாலோவீன் 1978, 91 நிமிடம். 2.35:1 அகலத்தில் எடுத்தது. கொலைகாரன் சட்டகத்தின் ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பான். முன்னால் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கறுப்புப் பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் செய்தால் முதலில் காணாமல் போவது அவன்தான்.

வெளிவந்த வரிசையே சரி. மௌனப்படத்துக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். நள்ளிரவில் போட்டால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். மூன்றும் சேர்ந்து 281 நிமிடம், நடுவே இருபது நிமிடமாக இரண்டு இடைவேளை. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் 11.20க்கு முடியும். 6 மணிக்கு வெளியே வெளிச்சம் இருந்தால் ஜன்னலைக் கெட்டியான துணியால் மூடுங்கள். நாலாவது படம் சேர்க்காதீர்கள். பயத்துக்கும் ஒரு தெவிட்டல் உண்டு.

கே: வீட்டில் 6 வயதும் 11 வயதும் உள்ள பிள்ளைகள். இருவருமே பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ப: இருவருக்கும் ஒரே படம் வேண்டாம், ஏனென்றால் இருவரும் பயப்படுவது வெவ்வேறு விஷயங்களுக்கு. ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தோற்றம் பயமுறுத்தும்: கோரமான முகம், மனிதன் கண்ணெதிரே மிருகமாக மாறுவது. 'இது நிஜமில்லை கண்ணு' என்று சொல்வதால் பெரிய பலன் இல்லை. அணைத்துக்கொள்வதும் விளக்கைப் போடுவதும்தான் வேலை செய்யும். பதினொரு வயதுக்காரர் முகமூடியைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டுக்குள் திருடன் நுழைவது, பிள்ளையைக் கடத்துவது என்று நடக்கக்கூடிய விஷயம்தான் அவரைத் தூங்கவிடாது. அவருக்கு ஒப்பனை எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கலாம், அது உதவும்.

தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் இல்லாமலே குலைநடுங்க வைக்கும் படங்கள் குறைந்த வயதுச் சான்றிதழோடு வருகின்றன. முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்க்க நேரமில்லை என்றால் கடைசி அரை மணியை மட்டுமாவது பாருங்கள். பகலில், விளக்கைப் போட்டு, சத்தத்தைப் பாதியாக்கிப் பார்க்கட்டும்; ரிமோட் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நடுவில் நிறுத்தச் சொன்னால் கேலி செய்யாமல் நிறுத்திவிட்டு, கதை எப்படி முடிகிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

கே: கையில் கேமராவைப் பிடித்து ஓடிக்கொண்டே எடுத்த படங்களைப் பார்த்தால் தலைசுற்றி, குமட்டுகிறது.

ப: உடம்பு அசையாமல் இருக்க, கண் மட்டும் 'ஓடுகிறோம்' என்று சொல்வதால் வரும் குழப்பம் அது. பின்னால் தள்ளி உட்காருங்கள். 55 அங்குல டிவிக்கு வழக்கமாக 1.7 முதல் 2.2 மீட்டர் என்றால், இந்த வகைப் படத்துக்கு 3 மீட்டர். விளக்கு ஒன்று எரியட்டும். டிவியின் ஓரம், பக்கத்துச் சுவர் என்று அசையாத ஏதாவது கண்ணில் பட்டால் குமட்டல் குறையும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, பளிச் பளிச்சென்று வெட்டும் ஒளி. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில், ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி வெட்டியதில் 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். வலிப்பு வந்தவர் வீட்டில் இருந்தால் இருட்டில் பார்க்காதீர்கள். அப்படிக் காட்சி வந்தால் கண்ணை மூடினால் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.

கே: பயமான இடம் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். இன்னும் அதிகமாகத்தான் பயம் வருகிறது. ஏன்?

ப: தவறான கதவை மூடுகிறீர்கள். திடுக்கிட வைப்பது பெரும்பாலும் காட்சி இல்லை, அதோடு சேர்ந்து வெடிக்கும் ஒலி. திடீரென்று பெரிய சத்தம் வந்தால் யோசிப்பதற்கு முன்பே உடம்பு துள்ளிவிடும். எத்தனை தைரியசாலிக்கும் அதில் விலக்கில்லை. 1942இல் வந்த கேட் பீப்பிள் படத்தில், ஆளில்லாத தெருவில் நடக்கும் பெண்ணின் காலடிச் சத்தத்தையே வெகுநேரம் கேட்கவைத்து, சட்டென்று ஒரு பேருந்தைச் சீறிக்கொண்டு வந்து நிற்கவைத்தார்கள். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, வந்தது பேருந்து. இன்றுவரை அந்த உத்தியைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள்.

கண்ணை மூடினால் காது மட்டும் மிச்சமிருக்கிறது. மனசு வேறு தன் பங்குக்குப் படம் காட்டும். இசை நின்று, அறையில் வேறெந்தச் சத்தமும் இல்லாமல், கேமரா ஒருவர் முகத்தை விட்டு நகராமல் இருந்தால் அதுதான் அடையாளம். அப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ரிமோட்டில் மியூட்டை அழுத்துங்கள். சத்தமில்லாமல் பாய்ந்து வரும் பேய், மேக்கப் போட்ட ஒரு நடிகர் ஓடி வருவதுபோலத்தான் இருக்கும்.